ரெட்டைக் குழாய், ஒற்றைக் குழாய்

அந்தப் பட்டறையில் பதினோரு வருஷம் வேலை பார்த்தேன். எத்தனையோ சோதனைச் சீட்டுகளில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அவற்றில் ஒன்றை மட்டும் திரும்ப வாங்கிக் கிழித்துப் போட முடியாதா என்று இன்றைக்கும் இருக்கிறது. ‘ரெகுலேட்டர் நல்ல நிலையில் உள்ளது, குறை எதுவும் இல்லை’ என்று ஆங்கிலத்தில் ஒரே வரி. அதில் பொய் கிடையாது. ஆனால் அந்த ஒரு வரியால் நல்ல டைவர் ஒருவருக்குப் பயந்தாங்கொள்ளி என்று பெயர் வந்தது.

பட்டறை சிங்கப்பூரில், தஞ்சோங் ரூவில், கடலை ஒட்டி இருந்தது. நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்களுக்கு அடியில் போய் ஒட்டியிருக்கும் சிப்பியையும் பாசியையும் சுரண்டுவது, ப்ரொப்பெல்லரில் சுற்றிக்கொண்ட கயிற்றை அறுப்பது, அடித்தகட்டில் அடிபட்ட இடத்தைப் பார்த்துச் சொல்வது, இவைதான் கம்பெனியின் வேலைகள். அங்கே மெஷின்களைக் கழற்றி மாட்டிப் பழுது பார்க்கும் பிட்டர் வேலை எனக்கு. தேக்காவில் ஒரு கடைவீட்டு மாடி அறையில் மனைவியோடு குடியிருந்தேன். காலையில் சைக்கிளை எடுத்தால் லாவெண்டர் ரோடு வழியாக அரை மணி நேரத்தில் பட்டறை. எனக்கு நீச்சல் தெரியாது. கடலில் முழங்காலுக்கு மேல் நனைந்ததில்லை. “தண்ணியைக் கண்டாலே ஒதுங்குற ஆளு, தண்ணிக்குள்ள போறவங்களுக்கு மெஷின் பாக்குறீங்களே” என்று மனைவி கேட்பாள். தட்டச்சு மெஷினைப் பழுது பார்க்கிறவனுக்கு இங்கிலீஷ் தெரிய வேண்டுமா என்று நான் பதில் சொல்வேன். அந்தப் பதில் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

பழைய காலத்துச் செம்புத் தொப்பியை விட்டுவிட்டு, முதுகில் காற்றுப் போத்தலைக் கட்டிக்கொண்டு இறங்கும் முறைக்குக் கம்பெனி ஐம்பதுகளின் கடைசியில் மாறியிருந்தது. போத்தலுக்குள் காற்று பயங்கர அழுத்தத்தில் அடைபட்டுக் கிடக்கும். டைவர் மூச்சை இழுக்கும்போது மட்டும், அந்த ஆழத்துத் தண்ணீரின் அழுத்தத்துக்குத் தக்கபடி அளந்து கொடுப்பது ரெகுலேட்டர். எங்களிடம் இருந்தவையெல்லாம் ரெட்டைக் குழாய் வகை. கழுத்துக்குப் பின்னால், போத்தலின் வாயிலேயே, தேங்காய் மூடி மாதிரி ஒரு வட்டப் பெட்டி இருக்கும். அதிலிருந்து வரிவரியான இரண்டு ரப்பர் குழாய்கள் தோளுக்கு இரண்டு பக்கமும் வந்து வாயில் சேரும். ஒன்றில் காற்று வரும், மற்றொன்றில் விட்ட மூச்சு திரும்பப் போகும். பெட்டிக்குள் ஒரு ரப்பர் சவ்வு, ஒரு நெம்புகோல், ஒரு வால்வு, அவ்வளவுதான். கண்ணை மூடிக்கொண்டு கழற்றி மாட்டுவேன். அதன் மேல் எனக்கு ஒரு பெருமையும் உண்டு.

டைவர்கள் மூன்று பேர். இரண்டு பேர் மலாய்க்கார அண்ணன் தம்பிகள். மூன்றாமவர் பாய். கீழக்கரைப் பக்கத்து மனிதர், நாற்பது வயதைத் தாண்டியவர், சிங்கப்பூருக்கு வந்து இருபது வருஷம் ஆகியிருந்தது. டன்லப் தெருவில் குடியிருந்தார். அதிகம் பேசமாட்டார். பேசினால் பாதிப் பேச்சு கேலியாக இருக்கும். கப்பலின் பக்கவாட்டையும் ப்ரொப்பெல்லரையும் அண்ணன் தம்பி பார்த்துக்கொள்வார்கள். தட்டையான அடிவயிற்றுக்குப் போவது பாய். அங்கே வெளிச்சம் இருக்காது. தலைக்கு மேல் ஆயிரக்கணக்கான டன் இரும்பு. யாரும் விரும்பிப் போகிற இடம் இல்லை.

வெள்ளைக்கார மேனேஜர் ஒரு நோட்டில் கணக்கு வைத்திருந்தார். ஒரு போத்தலுக்கு எத்தனை நிமிஷம் தண்ணீருக்குள் இருந்தார்கள் என்று. அண்ணன் தம்பிக்கு நாற்பது நிமிஷம் வரும். பாய்க்கு இருபத்தைந்தைத் தாண்டாது. மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

“அவருடைய ரெகுலேட்டரில் ஏதாவது குறை இருக்கிறதா பார். மெஷினில் குறை இல்லை என்றால் ஆளிடம்தான் குறை. பயந்தவன்தான் வேகமாக மூச்சு விடுவான்.”

பெட்டியைப் பிரித்தேன். சவ்வு புதிசு மாதிரி இருந்தது. வால்வு சுத்தம். மேசையில் மாட்டிக் காற்றை விட்டேன். இழுத்தால் வந்தது, நிறுத்தினால் நின்றது. ஒரு சொட்டுக் கசிவு இல்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். நான் பராமரித்த மெஷின் சரியாக இருக்கிறது என்று எழுத எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

அடுத்த வாரம் பாயைப் படகில் உட்கார வைத்துவிட்டார்கள். மற்றவர்கள் கீழே போகும்போது கயிற்றைப் பிடித்துக்கொண்டிருக்கும் வேலை. அடிவயிற்றுக்கு அண்ணன் தம்பி போனார்கள். பத்து நாளில் அவர்களுக்கும் நிமிஷம் குறைந்தது. முப்பது, இருபத்தெட்டு. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். மேனேஜர் சொன்னார்: “சோம்பல் ஒட்டிக்கொள்கிற வியாதி. படகில் உட்கார்ந்து அந்தக் கிழவன் இவர்களையும் கெடுக்கிறான்.” எனக்கும் அப்படித்தான் பட்டது.

பாய் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். டீக்கடையில் என் பெஞ்சில் உட்கார மாட்டார். சண்டை போட்டிருந்தால் பரவாயில்லை. காலையில் “என்ன தம்பி, மூச்செல்லாம் சரியா இருக்கா?” என்று கேட்டுவிட்டுத்தான் பட்டறைக்குள் வருவார். அந்தக் கேள்வி நின்றுபோனது.

அந்தச் சமயத்தில்தான் ஓர் ஏஜென்ட் புது மாதிரி ரெகுலேட்டர் ஒன்றைக் கொண்டுவந்தான். ஒற்றைக் குழாய். போத்தலின் வாயில் சின்னதாக ஒரு பாகம், அங்கிருந்து ஒல்லியான ஒரே குழாய், வாய்க்கு நேராக ஓர் உலோகக் கிண்ணம். சவ்வு அந்தக் கிண்ணத்துக்குள் இருந்தது. முன்னால் ஒரு பொத்தான். அதை அழுத்தினால் காற்று சீறி, உள்ளே புகுந்த தண்ணீரைத் தள்ளிவிடும். “காத்து மிச்சம் லா, காத்து மிச்சம்” என்று ஏஜென்ட் பத்துத் தடவை சொன்னான். மேனேஜர் அதை என் மேசையில் வைத்தார்.

“இரண்டையும் ஒப்பிட்டு ஒரு பக்கத்தில் எழுது. எது நல்லது என்று எனக்குத் தெரிய வேண்டும்.”

எனக்குத் தலைகால் புரியவில்லை. பிட்டரிடம் ரிப்போர்ட் கேட்கிறார்கள்! சுங்கை ரோடு பழைய சாமான் கடைகளில் ஒரு நாள் முழுக்க அலைந்து கண்ணாடிக் குழாய் வாங்கினேன். அதை யூ எழுத்து மாதிரி வளைத்துப் பலகையில் கட்டி, பாதி அளவு தண்ணீர் ஊற்றி, தெரிவதற்காக நீல மை கலந்தேன். ரெகுலேட்டரில் ஒரு பக்கம் மாட்டி மூச்சை இழுத்தால், நீலத் தண்ணீர் எவ்வளவு உயர்கிறதோ அவ்வளவு சிரமம் என்று கணக்கு. அறையில் ஒத்திகை பார்க்கும்போது மை தெறித்து மனைவியின் சேலை பாழானது. இரண்டு நாள் அவள் பேசவில்லை. நான் கவலைப்படவில்லை. அறிவியல் செய்துகொண்டிருந்தேன்.

மேசையில் இரண்டும் ஏறக்குறைய சமமாக வந்தன. ஒற்றைக் குழாயில் இழுப்பது ஒரு நூல் எளிது. இப்படி என்றால் ரிப்போர்ட்டில் எதை எழுதுவது? எனவே டைவர்களைக் கேட்டேன். அண்ணன்காரர் ஒற்றைக் குழாயைப் போட்டு ஒரு நாள் இறங்கிவிட்டு, தாடையைப் பிடித்துக்கொண்டு வந்தார். வாயில் ஓர் இரும்புக் கிண்ணத்தைக் கடித்துக்கொண்டு வேலை செய்ய முடியாதாம். காதருகே குமிழி சத்தம் வேறு. ரெட்டைக் குழாயில் விட்ட மூச்சு கழுத்துக்குப் பின்னால் போய்விடும், முகத்துக்கு முன்னால் அமைதியாக இருக்கும் என்றார். தம்பிக்காரர் அதே ஒற்றைக் குழாயைப் போட்டு இறங்கிவிட்டுத் துள்ளிக்கொண்டு வந்தார். ரெட்டைக் குழாயில் வாய்ப்பகுதி நழுவினால் இரண்டு குழாயிலும் தண்ணீர் நிறைந்துவிடும், இடது பக்கம் புரண்டு ஊதி வெளியேற்றுவதற்குள் உயிர் போய்விடும், இதில் பொத்தானை அழுத்தினால் முடிந்தது என்றார். இருவரும் என் மேசை முன்னாலேயே மலாயில் சண்டை போட்டுக்கொண்டார்கள்.

“காத்து எதுல மிச்சம்?” என்று கேட்டேன்.

“தெரியாது” என்றார்கள் இரண்டு பேரும்.

ஒரே வயிற்றில் பிறந்தவர்கள், ஒரே கடல், ஒரே கப்பல், ஒரே மெஷின். இவர்களை நம்பி நான் என்ன எழுதுவேன்? தாளில் ஒரு வரி எழுதுவேன், அடிப்பேன். மேனேஜர் தினமும் ஜன்னலுக்கு வெளியே நின்று விரலால் கண்ணாடியைத் தட்டுவார். வேறு வழியில்லாமல், ஒரு சாயங்காலம் சிராங்கூன் ரோட்டு டீக்கடையில் பாய் உட்கார்ந்திருந்த பெஞ்சுக்கு நானே போனேன்.

“பாய், ஒரு உதவி. ரெண்டு மெஷின்ல எது நல்லதுன்னு நீங்க சொன்னா எனக்குப் போதும்.”

அவர் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார்.

“ஏன், ஒன் மேசையைக் கேளேன். அது சொல்லும்.”

“கோவப்படாதீங்க. நான் அளந்துதான் பாத்தேன். கண்ணாடிக் குழாய் வச்சு...”

“எங்க வச்சு அளந்தே?”

“பட்டறையிலதான்.”

“பட்டறையில தண்ணி இருக்கா?”

அவர் டம்ளரை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். அவ்வளவு நாள் அடக்கி வைத்திருந்தது ஒரேயடியாக வந்தது.

“நான் எப்படிக் கிடந்து வேலை செய்றேன்னு நீ ஒரு நாளாவது கேட்டியா தம்பி? கப்பலோட அடி எனக்கு மேல இருக்கு. மல்லாந்து கிடந்துதான் சுரண்டணும். மல்லாந்தேன்னா அந்த மெஷின் எனக்கு அடியில போயிடும். காத்து நிக்காது. நான் இழுக்கவே வேணாம், அதுவா வந்து கொட்டும். வாயை லேசாத் தொறந்தா வாய் ஓரத்துல ஊத்திக்கிட்டே கிடக்கும். நாக்கை வச்சு அடைச்சுக்கிட்டு வேலை பாக்குறேன். போத்தல் காலியாகாம என்ன செய்யும்? நீ என்னடான்னா குறை எதுவும் இல்லேன்னு எழுதிக் குடுத்துட்டே.”

“இதை நீங்க மேனேஜர்கிட்ட சொல்லியிருக்கலாமே?”

“சொன்னேன். ஒன் சீட்டை எடுத்துக் காட்டினாரு.”

வீட்டுக்கு நடந்து போகும் வழி முழுக்க எனக்கு என் மேலேயே எரிச்சல். ரொம்பச் சின்ன விஷயம். தண்ணீரில் கீழே போகப் போக அழுத்தம் கூடும். ரெட்டைக் குழாயில் சவ்வு கழுத்துக்குப் பின்னால் இருக்கிறது. நிமிர்ந்து இருந்தால் வாய்க்கும் சவ்வுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. மல்லாந்து படுத்தால் சவ்வு வாய்க்கு ஒரு சாண் கீழே போய்விடும். அங்கே இருக்கும் கூடுதல் அழுத்தத்துக்குத் தக்கபடி அது காற்றைத் தள்ளும். குப்புறப் படுத்தால் நேர்மாறு. சவ்வு மேலே போய்விடும், இழுத்து இழுத்து நெஞ்சு வலிக்கும். காற்றில் வைத்துப் பார்த்தால் இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. மேசையில் அதை நிமிர்த்தி வைத்தாலும் கவிழ்த்து வைத்தாலும் ஒன்றுதான். இத்தனை வருஷம் அந்தப் பெட்டியைக் கண்ணை மூடிக்கொண்டு மாட்டியவனுக்கு, அது எதற்குள் வேலை செய்கிறது என்ற நினைப்பே வரவில்லை.

பட்டறைக்குப் பின்னால், உடைத்த கப்பல் ஒன்றின் பழைய தண்ணீர்த் தொட்டி கிடந்தது. மார்பளவு ஆழம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அதில் கடல் தண்ணீரைப் பம்ப் வைத்து நிரப்பினேன். பாய் வருவாரா என்ற நிச்சயமில்லை. ஒன்பது மணிக்கு வந்தார். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு தொட்டியைச் சுற்றிப் பார்த்தார்.

“இப்பத்தான் ஒன் மேசையில தண்ணி இருக்கு” என்றார்.

கப்பலின் அடிக்குப் பதிலாகக் குறுக்கே ஒரு பலகையைப் போட்டோம். ஒவ்வொரு தடவையும் போத்தலின் அழுத்தத்தை மீட்டரில் பார்த்து எழுதினேன். முதலில் ரெட்டைக் குழாய், நின்றபடி பத்து நிமிஷம். பிறகு அதே மெஷின், பலகைக்கு அடியில் மல்லாந்து பத்து நிமிஷம். அவர் படுத்ததுமே தொட்டியில் குமிழி பொங்க ஆரம்பித்தது. அவர் மூச்சை இழுக்கும்போதும் பொங்கியது, இழுக்காதபோதும் பொங்கியது. முடிந்ததும் மீட்டரைப் பார்த்தேன். நின்றபோது செலவானதைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. நம்பாமல் மறுபடி ஒரு தடவை செய்தோம். அதேதான்.

பிறகு ஒற்றைக் குழாய். சவ்வு வாயருகிலேயே இருப்பதால் எப்படிப் படுத்தாலும் காற்றுச் செலவு பெரிதாக மாறவில்லை. ஏஜென்ட் சொன்னது அந்த மட்டில் உண்மை. ஆனால் மல்லாந்து ஐந்து நிமிஷம் ஆனதும் பாய் எழுந்து உட்கார்ந்து இருமினார்.

“தண்ணி வருது. கொஞ்சம் கொஞ்சமா, மூச்சோட சேந்து வருது. உப்பு.”

பிரித்துப் பார்த்தேன். ஓட்டை இல்லை. கிண்ணத்தின் அடியில் மூச்சு வெளியேறுவதற்கு ஒரு மெல்லிய ரப்பர் இலை இருந்தது. நிமிர்ந்து இருக்கும்போது உள்ளே வருகிற துளித் தண்ணீர் அதன் வழியே தானாக வெளியேறிவிடும். மல்லாந்தால் அந்த வழி மேல் பக்கமாகிவிடுகிறது, தண்ணீர் உள்ளேயே தங்கிவிடுகிறது. குமிழியெல்லாம் முகத்துக்கு முன்னாலேயே ஏறிப் பலகையில் பரவியது. சுரண்டுகிற இடமே தெரியவில்லை என்றார் பாய்.

மதியம் ஆனது. அவர் தலையைத் துவட்டிக்கொண்டு, “நீ இறங்கு” என்றார்.

“எனக்கு நீச்சல் தெரியாது பாய்.”

“இதுல நீந்த எடம் ஏது? மல்லாந்து படு. நான் ஒன் கையைப் பிடிச்சுக்குறேன்.”

இறங்கினேன். ரெட்டைக் குழாயைக் கடித்துக்கொண்டு, கண்ணாடி முகமூடியோடு தண்ணீருக்குள் தலையைச் சாய்த்தேன். பாய் என் மணிக்கட்டை விடவில்லை. சாய்ந்த மறு நொடி காற்று என் கன்னத்தை உப்ப வைத்தது. நான் இழுக்கவில்லை, அது என்னை நிரப்பியது. வெளியே விடுவதற்குத்தான் நெஞ்சால் தள்ள வேண்டியிருந்தது. என் கையால் முறுக்கி, என் கையால் துடைத்து, குறை எதுவும் இல்லை என்று நான் எழுதிக்கொடுத்த மெஷின். ஒரு நிமிஷத்துக்கு மேல் என்னால் இருக்க முடியவில்லை. இந்த மனிதர் இதோடு இருபத்தைந்து நிமிஷம், இருட்டில், கப்பலுக்கு அடியில், கையில் சுரண்டியோடு கிடந்திருக்கிறார்.

வெளியே வந்து, “மன்னிச்சுக்குங்க பாய்” என்றேன்.

“துண்டைப் பிடி, சளி பிடிக்கும்” என்றார்.

அன்றைக்கு ராத்திரியே ரிப்போர்ட்டை எழுதி முடித்தேன். நாலு பக்கம். அடிவயிற்றில் ரெட்டைக் குழாய் காற்றை வீணாக்குகிறது, ஆளின் மேல் குற்றமில்லை, என் முந்தைய சீட்டு தவறான சோதனையின் பேரில் கொடுக்கப்பட்டது என்று முதல் பக்கத்திலேயே எழுதினேன். ரெட்டைக் குழாயின் ரப்பர் இந்த ஊர் வெயிலில் சீக்கிரம் வெடிக்கிறது, சிப்பி கிழித்தால் குழாய் போச்சு, ஆனால் பாகங்கள் குறைவு, கண்ணுக்கு முன்னால் குமிழி இல்லை, பக்கவாட்டில் பார்வையிடும் வேலைக்கு அதுவே நல்லது என்று இரண்டாம் பக்கம். ஒற்றைக் குழாய் காற்றை மிச்சப்படுத்தும், வாயிலிருந்து நழுவினாலும் பயமில்லை, ஆனால் மல்லாந்தால் ஈரம் புகும், தாடை வலிக்கும் என்று மூன்றாம் பக்கம். அதே பக்கத்தில், அந்த மெல்லிய ரப்பர் இலையில் ஒரு மணல் ஒட்டினாலும் தண்ணீர் உள்ளே வரும், எனவே சேற்றுத் தண்ணீரில் அதை இறக்கக் கூடாது என்று எழுதி அடிக்கோடு போட்டேன். நாலாம் பக்கத்தில், இரண்டு வகையும் வைத்துக்கொண்டு வேலைக்குத் தகுந்தபடி, அடிவயிற்றுக்கு ஒற்றை, பக்கவாட்டுக்கும் சேற்றுக்கும் ரெட்டை என்று கொடுக்க வேண்டும் என்று முடித்தேன்.

மேனேஜர் முதல் பக்கத்தைப் பார்த்தார், கடைசிப் பக்கத்தைப் புரட்டினார்.

“எது நல்லது என்று கேட்டேன்.”

“எந்த வேலைக்கு என்பதைப் பொறுத்தது, சார்.”

“ஒரு பக்கம் கேட்டேன், ஒரு பதில் கேட்டேன்.”

“அப்படி ஒரு பதில் கிடையாது, சார்.”

“இருக்கிறது. ஒற்றைக் குழாய் ஆறு எடுக்கச் சொல்லிப் போன வாரமே எழுதிவிட்டேன். பைலில் வைக்க ஒரு தாள் வேண்டியிருந்தது.” பிறகு முதல் பக்கத்தை விரலால் தட்டினார். “உன் சீட்டு தவறு என்று நீயே எழுதியிருக்கிறாய். அப்படியானால் இந்த நாலு பக்கத்தை மட்டும் நான் ஏன் நம்ப வேண்டும்?”

பாயை மறுபடி டைவராக இறக்குவார்களா என்று மட்டும் கேட்டேன். புது மெஷின் வரட்டும், பார்க்கலாம் என்றார்.

புது மெஷின் வந்தது. பாயைக் கீழே இறக்கவும் செய்தார்கள். எங்கே தெரியுமா? காலாங் ஆற்று முகத்துவாரத்தில், சேற்றில் தரை தட்டி நின்ற ஓர் இழுவைப் படகின் ப்ரொப்பெல்லரில் சிக்கிய கயிற்றை அறுக்க. ஒற்றைக் குழாயோடு. காலையில் நான் பட்டறையில் தடுத்துப் பார்த்தேன். அலமாரியில் ரெட்டைக் குழாய் இருக்கிறது, அதைக் கொடுங்கள் என்றேன். பழைய சாமானைத் தொடக் கூடாது என்று உத்தரவு. நானும் படகில் ஏறிக்கொண்டேன்.

பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. பாயின் இடுப்பில் கட்டியிருந்த கயிறு, ஆபத்து என்ற சைகையாக, மூன்று தடவை வெடுக்கென்று இழுபட்டது. அண்ணனும் தம்பியும் சேர்ந்து இழுத்தார்கள். பாய் மேலே வந்ததும் வாயிலிருந்ததைத் துப்பிவிட்டுப் படகின் விளிம்பில் தொங்கியபடி வாந்தி எடுத்தார். கறுப்புத் தண்ணீர். கண் இரண்டும் சிவந்து வெளியே வந்துவிடும் போல இருந்தன. முதுகைத் தட்டினோம். மூச்சு ஒழுங்குக்கு வர வெகு நேரம் ஆனது. அவர் கையைப் பிடித்துக்கொண்டே மற்றொரு கையால் அந்தக் கிண்ணத்தைப் பிரித்தேன். ரப்பர் இலையின் அடியில் அரிசி நொய் அளவுக்கு ஒரு சிப்பித் துண்டு. அதைச் சுற்றிச் சேறு.

அதை ஒரு தாளில் மடித்து எடுத்துக்கொண்டு நேரே மேனேஜர் அறைக்குப் போனேன்.

“மூன்றாம் பக்கம், சார். அடிக்கோடு போட்டிருந்தேன்.”

அவர் தாளைப் பிரித்துப் பார்த்தார். “மெஷினைச் சுத்தமாக வைப்பது யார் வேலை?” என்றார்.

நான் கத்திவிட்டேன். என்ன கத்தினேன் என்று சரியாக நினைவில்லை. தமிழும் இங்கிலீஷும் மலாயும் கலந்து வந்தது. வெளியே எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். பாய்தான் ஈரத்தோடு வாசலுக்கு வந்து நின்று, “வா தம்பி, போதும்” என்றார். எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது. நோட்டில் பாயின் பெயருக்கு நேராகப் பத்து நிமிஷம் என்று எழுதிவிட்டார்கள்.

அடுத்த மாதம் பாய் வேலையை விட்டார். வடக்கே செம்பவாங் பக்கம் ஒரு காண்ட்ராக்டரிடம் ஆள் தேவை என்று கேள்விப்பட்டிருந்தார். கம்பெனி கொடுத்த நற்சான்றுக் கடிதத்தில் ‘காற்றை அதிகம் செலவழிப்பவர்’ என்று ஒரு வாக்கியம் இருந்தது. அதைப் படித்து அவருக்கு அர்த்தம் சொன்னதும் நான்தான். மூன்று சாயங்காலம் உட்கார்ந்து நானே ஒரு கடிதம் எழுதினேன். தொட்டியில் செய்த சோதனை, மீட்டர் காட்டிய அளவு, காலாங்கில் நடந்தது, எல்லாம். மனைவி அதை மூன்று தடவை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, “இதை யாராவது முழுசாப் படிப்பாங்களா?” என்றாள். இதைப் படிக்காவிட்டால் மனிதர்களே இல்லை என்றேன்.

ஒரு வாரம் கழித்துப் பாய் வீட்டுக்கு வந்தார். வேலை கிடைத்துவிட்டது.

“கடிதத்தைப் படிச்சாங்களா?” என்று வாசலிலேயே கேட்டேன்.

“ரெண்டு கடிதத்தையும் குடுத்தேன். அந்த சீன காண்ட்ராக்டர் தவுக்கே மேசையில வச்சுட்டு, இறங்கிக் காட்டுன்னாரு. இறங்கினேன். மேல வந்ததும் நாளைக்கு வான்னுட்டாரு.”

“பிரிக்கவே இல்லையா?”

“பிரிக்கலே.”

சந்தோஷப்பட வேண்டிய நேரம். எனக்கோ ஆத்திரம்தான் வந்தது. என் தவறான ஒரு வரியை எல்லோரும் படித்தார்கள். சரியாக எழுதிய நாலு பக்கத்தையும் கடிதத்தையும் ஒருவரும் படிக்கவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நோன்புப் பெருநாளுக்கும் பாய் பிரியாணியோடு வருவார். பட்டறையில் நான் ஒற்றைக் குழாய்களைக் கழுவிக்கொண்டும் ரப்பர் இலைகளை மாற்றிக்கொண்டும் இருந்தேன். ரெட்டைக் குழாய்கள் அலமாரியில் கிடந்து ரப்பர் வெடித்துப் போயின. மேனேஜர் ஊருக்குப் போய்விட்டார். அடுத்து வந்தவர் நோட்டே வைக்கவில்லை. அறுபதுகளின் நடுவில் ஒரு பெருநாள் அன்று, சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்த பாயிடம் கேட்டேன்.

“அங்க எந்த மெஷின் குடுக்குறாங்க?”

“ரெண்டும் இருக்கு. எது வேணுமோ எடுத்துக்கலாம்.”

“அடிவயித்துக்கு ஒத்தைக் குழாய்தானே எடுக்குறீங்க?”

“இல்ல தம்பி. ரெட்டைக் குழாய்தான்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “என்ன பாய் இது? காத்து கொட்டுது, போத்தல் காலியாகுதுன்னு நீங்கதானே சொன்னீங்க? அதுக்காகத்தானே நான் நாலு பக்கம் எழுதினேன்?”

“நீ எழுதினதுல தப்பு இல்ல. போத்தல் சீக்கிரம் காலியாகத்தான் செய்யும். ஆனா சுரண்டுறப்போ எனக்கு இழுக்க வேண்டியதில்ல பாரு, அதுவா வருது. உப்புத் தண்ணி வாய்க்குள்ள வராது. கண்ணு முன்னால தெளிவா இருக்கு. அங்க போத்தல் காலியானா அடுத்த போத்தலைக் குடுக்குறாங்க. ஏன் சீக்கிரம் வந்தேன்னு ஒருத்தரும் கேக்கிறதில்ல.”

“வெளிய மூச்சு விடறப்போ நெஞ்சு வலிக்குமே! நானே இறங்கிப் பாத்தேனே!”

“ஒரு நிமிஷம் இறங்கினே” என்றார் பாய்.

மனைவி சமையல் கட்டில் சிரிப்பது கேட்டது. நான் பழைய ரிப்போர்ட்டின் நகலைப் பெட்டியிலிருந்து தேடி எடுத்து வந்து, மீட்டர் அளவுகளைக் காட்டி, ஒவ்வொன்றாக விளக்கினேன். பாய் பொறுமையாகக் கேட்டார். இடையிடையே “சரிதான், சரிதான்” என்றார். டீ குடித்தார். எழுந்து தொப்பியைச் சரி செய்துகொண்டார். கடைசிவரை ரெட்டைக் குழாயை விட்டுக்கொடுக்கவில்லை. நானும் ஒத்துக்கொள்ளவில்லை. மாடிப்படியில் அவர் இறங்கும்போதும் தாளைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டாம் பக்கத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டே பின்னால் இறங்கினேன்.